முதல் பலகையில ஜாய்ஸ்டிக் முங்கிப்போச்சு, ரெண்டாவது பலகையிலதான் நிமிர்ந்துச்சு

வீடியோ கேம் ஆட ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் மாட்டுறதுக்குன்னு முதல்ல செஞ்ச பலகையை நேத்து வரைக்கும் எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழதான் சாத்தி வச்சிருந்தேன், தூக்கிப் போட மனசு வரல. 18 எம்எம் ப்ளைவுட், ரெண்டு நாள் உக்காந்து அளந்து ஓட்டை போட்டு, எமரி பேப்பர் தேய்ச்சு, கறுப்பு பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சு, அது காஞ்ச பிறகு சான்வா ஜாய்ஸ்டிக்கை அடியில இருந்து ஸ்க்ரூ போட்டு முறுக்கித் திருப்பி வச்சுப் பாத்தா, உருண்டை அப்படியே பலகை மேல குந்த வச்ச மாதிரி இருக்குது. கம்பி கொஞ்சூண்டுதான் வெளிய தெரியுது. கையை வச்சுப் பிடிச்சா விரல் முட்டி பலகையில இடிக்குது. அன்னைக்கு ராத்திரி சாப்பிடக் கூட தோணல.

இதை எழுதுறதுக்குக் காரணமே அதுதான். வீட்ல மரத்துல கன்ட்ரோல் பேனல் செய்யப் போறவங்க எல்லாரும் பட்டன் கலரு, ஸ்டிக்கரு, எந்த போர்டு வாங்குறதுன்னு யோசிப்பாங்க, நானும் அப்படித்தான் யோசிச்சேன், ஆனா மரத்தோட தடிமனுக்கும் ஸ்டிக்கோட கம்பி நீளத்துக்கும் இருக்குற கணக்கை யாரும் முதல்ல பாக்குறதில்ல. அதைப் பாக்காம ஒரு ஓட்டை கூட போடாதீங்க.

நான் கோயமுத்தூரு, கணபதி பக்கம். மோட்டார் வைண்டிங் வேலை. அதனால வயரு, சோல்டரிங் எல்லாம் எனக்குக் கை பழக்கம், மரவேலைதான் சுத்தமா தெரியாது. இதை ஆரம்பிச்சதே எங்க அண்ணனுக்காக. 90கள்ல நாங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுறது வீடியோ கேம் கடைக்குத்தான், ஒரு ரூபா காயின் போட்டா ஒரு ஆட்டம், அதுலயும் முஸ்தபா கேம்னா உசுரு. அந்த கேமோட நிஜப் பேரு கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், கேப்காம் கம்பெனி 1993ல விட்டது, ஆனா நம்மூர்ல அதை அந்தப் பேரு சொல்லி யாரும் கூப்பிட்டதே இல்ல, அதுல வர்ற ஒரு ஆளு பேரு முஸ்தபா, அவ்வளவுதான், கேமே முஸ்தபா ஆயிடுச்சு. அண்ணன் எப்பவும் முஸ்தபா, நான் ஹன்னா. அண்ணன் இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காரு, பொங்கலுக்கு மட்டும்தான் நாலு நாள் சேந்தாப்ல வீட்ல இருப்பாரு. அந்த நாலு நாளைக்கு அதே மாதிரி ஒரு பலகை, ரெண்டு ஸ்டிக்கு, பக்கத்துல பக்கத்துல நின்னு ஆடணும், கையில பிடிக்கிற கன்ட்ரோலர்ல இல்ல, இதுதான் எனக்கு வேணும்னு இருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். ஆர்கேட் ஸ்டிக்குல, அதாவது கேம் கடை மெஷின்ல இருக்குற மாதிரி ஸ்டிக்குல, ரெண்டு வகை பரவலா கிடைக்கும். ஒண்ணு ஜப்பான் வகை, சான்வா ஜேஎல்எஃப் மாதிரி, மேல 35 எம்எம் உருண்டை, கம்பி சின்னது, ஏன்னா அது மெல்லிசான இரும்புத் தகடுல மாட்டுறதுக்குன்னே செஞ்சது. இன்னொண்ணு அமெரிக்க வகை, ஹேப் மாடல்னு சொல்வாங்க, மேல பேட் மாதிரி நீளமான தலை, கம்பி நீளம், அது கெட்டி மரப் பலகைக்குன்னே செஞ்சது, 18 எம்எம் பலகையில அடியில வச்சு போல்ட் போட்டா நேரா உக்காந்துக்கும், ஒரு தொந்தரவும் இல்ல. மரவேலை பழக்கமே இல்லாதவங்க தாராளமா அந்த ரெண்டாவது வகையை வாங்கிக்கலாம். எனக்கு உருண்டைத் தலைதான் வேணும், கடையில நாங்க ஆடினது உருண்டைதான், அதுல விட்டுக்கொடுக்க மனசில்ல.

உருண்டை ஸ்டிக்கை கெட்டி மரத்துல மாட்டினா உயரம் மட்டும் பிரச்சினை இல்லீங்க. கம்பி ஆடுற மையம் கீழ இருக்குது. அங்க இருந்து மேல போகப் போக கம்பி சாயுற தூரம் கூடிக்கிட்டே போகும். மெல்லிசு தகட்டுல 24 எம்எம் ஓட்டை போதும். ஆனா 18 எம்எம் மரத்துல அதே 24 போட்டா கம்பி சாயும்போது மேல் விளிம்புல போய் இடிக்குது, உள்ள ஸ்விட்ச் அமுங்குறதுக்கு முன்னாடியே மரத்துல முட்டி நின்னுடுது. முதல் பலகையில எனக்கு குறுக்கா தள்ளுறது மட்டும் வேலை செய்யல, ஸ்விட்ச்தான் போச்சுன்னு நினைச்சு அதைக் கழட்டி மீட்டர் வச்செல்லாம் பாத்தேன். ஸ்விட்ச் நல்லா இருந்துச்சு, கம்பி ஓட்டையோட ஓரத்தைத் தேய்ச்ச தடம் பெயின்ட்ல வெள்ளையா ஒரு பிறை மாதிரி தெரிஞ்சப்பதான் புரிஞ்சுது.

எங்க தெருவுல ஒரு ஆசாரி அண்ணன் இருக்காரு, பலகையைத் தூக்கிட்டு அவருகிட்ட போனேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "ஏந்தம்பி, கதவுக்கு கீல் வைக்கையில என்ன பண்றோம்? கீலோட தடிமனுக்கு மரத்தைத் தோண்டித்தான உள்ள இறக்குறோம். இதையும் அப்படி இறக்கு"ன்னாரு. "தோண்டினா பலகை வீக்காயிடாதுங்களாண்ணா"ன்னு கேட்டேன். "எத்தனை விடுறங்கறதுலதான் இருக்குது"ன்னு சொல்லிட்டு வேலையைப் பாக்கப் போயிட்டாரு. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமா இருந்துச்சு.

பழைய பலகையில பெயின்ட் வரைக்கும் எல்லாம் முடிஞ்சிருச்சு, அதோட அது ரெண்டு அடி அகலம்தான், ரெண்டு ஆளு நின்னா தோளும் தோளும் இடிக்குது. அதனால புதுசா மூணு அடி அகலத்துல இன்னொரு 18 எம்எம் ப்ளை வாங்கினேன். எம்டிஎஃப், மரத்தூளை அழுத்திச் செய்யுற பலகை, அதை வாங்கலாமான்னு ஒரு யோசனை இருந்துச்சு, அது அறுக்கவும் தோண்டவும் வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனா ஓரத்துல ஸ்க்ரூ போட்டா பொளந்துக்கும், தண்ணி பட்டா ஊதிக்கும், விளையாடுற எடத்துல ஒரு டம்ளர் தண்ணியாவது கொட்டாம இருக்காது. ப்ளைதான் நமக்கு.

இந்தத் தடவை முதல்ல அட்டையில செஞ்சு பாத்தேன். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை பலகை சைசுக்கு வெட்டி, ஸ்டிக்கு இருக்குற எடத்துல உருண்டையை ஒரு பழைய போல்ட்ல மாட்டி ஒட்டி வச்சு, பட்டன் எடத்துல வட்டம் வரைஞ்சு, டேபிள் மேல வச்சு சும்மா கையை வச்சு ஒரு அரை மணி நேரம் பாத்தேன். பட்டன் எல்லாத்தையும் நான் ஸ்கேல் வச்ச மாதிரி நேர்கோட்டுல வரைஞ்சிருந்தேன், விரல் அப்படி நேரா இல்லையே, ஆள்காட்டி விரல் கட்டை, நடுவிரல் நீளம். விரலை எப்படித் தளர்வா வச்சா வருதோ அந்த வளைவுலயே பட்டனை நகர்த்திட்டேன். முன் விளிம்புல இருந்து ஸ்டிக்குக்கு முதல்ல விட்ட தூரமும் பத்தல, மணிக்கட்டு காத்துல தொங்குச்சு, உள்ளங்கை பலகையில படுற அளவுக்கு உள்ள தள்ளினேன். அட்டைக்குக் காசு கிடையாது, மரத்துக்கு உண்டு. இந்த ஒரு அரை மணி நேரத்தை யாரும் மிச்சம் பண்ணப் பாக்காதீங்க.

இப்ப தோண்டுற வேலை. ஆசாரி அண்ணன் ட்ரிம்மர் மெஷின் கொடுத்தாரு, மரத்தைக் குடையுற கை மெஷின், 6 எம்எம் நேர் பிட்டு. என் கணக்கு இதுதான், 18ல 12 எம்எம் தோண்டி 6 எம்எம் விடுறது. ஜாய்ஸ்டிக்கோட இரும்பு ப்ளேட்டை அடிப்பக்கம் வச்சு பென்சில்ல சுத்தி கோடு போட்டு, நாலு பக்கமும் ரெண்டு எம்எம் கூட விட்டேன். ஒரே மூச்சுல 12 போகக் கூடாது, மூணு மூணு எம்எம்மா நாலு தடவை இறக்கணும், இல்லன்னா பிட்டு சூடாகி மரம் கருகுது, மெஷினும் கையை இழுக்குது. கோட்டைப் பாத்து கையால ஓட்டாம நாலு பக்கமும் மரச்சட்டம் வச்சு கிளாம்ப் போட்டு அதுல ஒட்டி ஓட்டினா பள்ளம் கத்தி வெட்டின மாதிரி வரும். நாலு மூலையிலயும் பிட்டு போன வளைவு மிச்சம் நிக்கும், அதை உளியில தட்டி எடுத்துடலாம். முகத்துக்கு மாஸ்க் போடுங்க, பிட்டு மாத்தும்போது ப்ளக்கைப் பிடுங்கிட்டு மாத்துங்க.

முதல் பள்ளம் அருமையா வந்துச்சு. ரெண்டாவது பள்ளத்துலதான் தப்பு நடந்துச்சு. பிட்டைப் பிடிக்கிற நட்டை நான் சரியா இறுக்கல, ஓட ஓட பிட்டு தானா கீழ இறங்கியிருக்குது, தூசியில எனக்குத் தெரியல. அளந்தா 14 எம்எம் போயிருச்சு, மிச்சம் நாலே எம்எம். விரலால தட்டினா டொக்கு டொக்குன்னு வெறும் டப்பா சத்தம் வருது. வயித்தைக் கலக்கிருச்சு, ரெண்டு பலகையும் வீணான்னு. அப்புறம் நிதானமா யோசிச்சுப் பாத்தா ஆறு எம்எம்தான வேணும், மரம் நாலு இருக்குது, ரெண்டு எம்எம் அலுமினியம் தகடு வச்சா ஆறு. பக்கத்துல லேத் பட்டறையில ரெண்டு எம்எம் தகட்டை பள்ளத்தோட சைசுக்கே வெட்டி, நடுவுல ஓட்டை போட்டு வாங்கிட்டு வந்து அரால்டைட் தடவி உள்ள ஒட்டினேன். நிஜமா சொல்றேன், இப்ப அந்தப் பக்கம்தான் ரொம்ப உறுதி. அதைப் பாத்துட்டு முதல் பள்ளத்தையும் 14 ஆக்கி அதுக்கும் தகடு வச்சுட்டேன். இனிமே யாராவது செஞ்சா முதல்லயே இப்படியே செய்யுங்கன்னுதான் சொல்வேன்.

அடுத்தது எதுல மாட்டுறது. முதல் பலகையில மர ஸ்க்ரூ போட்டிருந்தேன், சும்மா நாலு தடவை வேகமா ஆட்டினதுக்கே லூசு குடுத்துச்சு. முஸ்தபா ஆடுறவன் ஸ்டிக்கை எப்படி ஆட்டுவான்னு உங்களுக்கே தெரியும், ஓடுறதுக்கு டக்கு டக்குன்னு ரெண்டு தடவை தள்ளணும், அந்த இழுப்பை மர ஸ்க்ரூ தாங்காது, அதுலயும் ஆறு எம்எம் மரத்துல ஸ்க்ரூவுக்குப் பிடிமானமே கிடையாது. அதனால இந்தத் தடவை மேல இருந்து எம்4 போல்ட், அதாவது 4 எம்எம் தடிமன், தட்டைத் தலை, பலகையில கூம்பு மாதிரி குடைஞ்சு தலையை உள்ள இறக்கி, அடியில ப்ளேட்டுக்குக் கீழ ஸ்ப்ரிங் வாஷர் போட்டு நட்டு. மேல சன்மைக்கா ஒட்டினா போல்ட் இருக்குறதே தெரியாது.

இதுல ஒண்ணு கவனிக்கணும். சன்மைக்கா ஒட்டி முடிச்ச பிறகு என்னைக்காவது ஸ்டிக்கைக் கழட்டணும்னா நட்டைத் திருப்பினா போல்ட்டும் சேந்து சுத்தும், தலையைப் பிடிக்க மேல வழி கிடையாது, மூடியாச்சு. அதனால ஒட்டுறதுக்கு முன்னாடியே போல்ட் தலையைச் சுத்தி அரால்டைட் வச்சு ஒரு ராத்திரி முழுக்க காய விட்டேன். இது ஆசாரி அண்ணன் சொன்னதுதான், எனக்குத் தானா தோணியிருக்காது. இன்னொண்ணு, ப்ளேட்டுல போல்ட் ஓட்டை டைட்டா இருந்தா அதை அரத்துல கொஞ்சம் தேய்ச்சு லூசாக்கிக்கோங்க, ஸ்டிக்கு ஒரு நூல் திரும்பி உக்காந்தா கூட மேல தள்ளும்போது மேலயும் சைடும் சேந்து அமுங்கும். மூலமட்டத்தை முன் விளிம்புல வச்சு ப்ளேட்டை நேராக்கி, கம்ப்யூட்டர்ல மாட்டி நாலு பக்கமும் தள்ளிப் பாத்துட்டு அப்புறம்தான் கடைசி முறுக்கு.

உருண்டையைக் கழட்டாம ஸ்டிக்கை மாட்ட முடியாது, கழட்டத் தெரியாம நான் முதல் நாள் ப்ளையர் வச்சு கம்பியைப் பிடிச்சுட்டேன், பாலிஷ்ல கீறல் விழுந்திருச்சு. அவ்வளவு பாடே வேண்டாம். ஸ்டிக்கைத் தலைகீழா திருப்பினா கம்பியோட அடி நுனியில ஸ்க்ரூடிரைவர் வைக்கிற மாதிரி ஒரு காடி இருக்கும், அதுல தட்டை ஸ்க்ரூடிரைவரை வச்சு அசையாம பிடிச்சுக்கிட்டு மேல உருண்டையைத் திருகினா வந்துரும். திரும்ப மாட்டும்போது கம்பியில அந்த வட்டத் தகடு, தூசி வாஷர், அதைப் போட மறந்துடாதீங்க, ஓட்டையை மூடுறதே அதுதான்.

பட்டன் ஓட்டை பத்தி. தகடுல க்ளிக்னு அழுத்திப் பூட்டுற 30 எம்எம் சான்வா பட்டன் கெட்டி மரத்துல நிக்காது, அதோட நாக்கு பிடிக்கிறதுக்கு மெல்லிசு தகடு வேணும். 18 எம்எம்முக்கு நீளமா மரை இருக்குற, அடியில நட்டு போட்டு இறுக்குற அமெரிக்க வகை பட்டன்தான். அதுக்கு ஓட்டை ஒண்ணே கால் இஞ்ச் இல்ல, ஒண்ணு ஒண்ணுல எட்டு இஞ்ச், அதாவது 28 எம்எம்மும் ஒரு அரையும். 28 பிட்டுல போட்டா பட்டன் இறங்காம அடம்பிடிக்கும், ஒரு கட்டையில எமரி பேப்பரைச் சுத்தி உள்ள ரெண்டு சுத்து தேய்ச்சா சிக்குனு போய் உக்காரும், எனக்கு அந்த டைட்டுதான் பிடிச்சுது. பிட்டு விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். தட்டை ஸ்பேட் பிட்டு முதல் பலகையில மேல் தோலையே பிச்சு எடுத்துருச்சு. ஃபோர்ஸ்ட்னர் பிட்டு, வட்டமா சுத்தமா ஓட்டை போடுற பிட்டு, அதை வாங்கி, மெதுவான ஸ்பீடுல, அடியில ஒரு வேஸ்ட் கட்டையை வச்சு கிளாம்ப் போட்டு, மேல மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டைப் போட்டா சன்மைக்கா கூட சில்லு தெறிக்காம வந்துச்சு.

எத்தனை பட்டன்னு கேட்டா, முஸ்தபாவுக்கு ரெண்டே போதும், அடி ஒண்ணு, குதி ஒண்ணு. கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97க்கு நாலு, ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூவுக்கு ஆறு. ஆறு போட்டுட்டேன். அதோட ஆளுக்கு ஒரு ஸ்டார்ட், ஒரு காயின் பட்டன். காயின் பட்டனை நிறைய பேரு மறந்துடுறாங்க, அப்புறம் கேம் காயின் போடுன்னு கேட்டுக்கிட்டே நிக்கும், கீபோர்டைத் தேடி ஓடணும்.

வயரிங் எனக்கு ஒரு சாயங்கால வேலை. ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல பழைய கேம் ஆடுற ரெட்ரோபை சாஃப்ட்வேரைப் போட்டு, ஸ்டிக்கு, பட்டன் அமுக்குறதை கம்ப்யூட்டருக்குச் சொல்ற யுஎஸ்பி என்கோடர் போர்டு ரெண்டு, சான்வாவோட அஞ்சு பின் வயர் போர்டுல நேரா சொருகிக்கும். நீங்க தனித்தனி ஸ்விட்ச் இருக்குற ஸ்டிக்கு வாங்கினா ஒண்ணு ஞாபகம் வைங்க, உருண்டை மேல போனா கம்பியோட அடி கீழ வரும், அதனால கீழ இருக்குற ஸ்விட்ச்தான் மேல். இடது வலதும் அப்படியே மாறித்தான் வரும். வயரை மாட்டும்போது ஸ்விட்ச்சோட காமன் காலுலயும், அமுக்கினா மட்டும் சேருற என்ஓ காலுலயும் மாட்டணும், அமுக்காதப்பவே சேந்திருக்குற என்சில மாட்டினா கையே வைக்காம ஆளு ஓடிக்கிட்டே இருப்பான். ஒரே மாதிரி ரெண்டு போர்டு இருந்தா யுஎஸ்பி போர்ட் மாறும்போது முதல் ஆளும் ரெண்டாவது ஆளும் மாறிடுறாங்க, அதனால எந்த போர்ட்ல எதுன்னு பெயின்ட்ல புள்ளி வச்சுட்டேன். பெட்டிக்குள்ள ஸ்டிக்குக்குக் கீழ ஏழு செமீயாவது இடம் விடுங்க, வயர் மடங்குறதுக்கு எடம் வேணும்.

முன் விளிம்பை இழைப்புளி போட்டு உருட்டி எமரி தேய்ச்சேன். மணிக்கட்டு படுற எடம் அது, கூர்மையா இருந்தா பத்து நிமிஷத்துல செவந்து போயிடும்.

போகி அன்னைக்கு ராத்திரி அண்ணன் பஸ்ஸுல வந்து எறங்கினாரு. ஹால்ல துணி போட்டு மூடி வச்சிருந்தேன். துணியை எடுத்ததும் ஒண்ணும் பேசல, நேரா இடது பக்கம் போய் நின்னு உருண்டையை மேல இருந்து பிடிக்காம கீழ இருந்து ரெண்டு விரலுக்கு நடுவுல கம்பியை விட்டுப் பிடிச்சாரு, சின்ன வயசுல பிடிச்ச அதே பிடி. எனக்கு அது மறந்தே போயிருந்துச்சு. காயின் பட்டனை அமுக்கினாரு, அந்த சத்தம் வந்துச்சு, "டேய், நீ ஹன்னாவை எடு"ன்னாரு. முழு கேமும் முடிக்கையில மணி ஒண்ணரை. ஸ்டிக்கு ஒரு நூல் கூட அசையல, முடிச்சதும் நான் அடியில கையை விட்டு நட்டு எல்லாத்தையும் தொட்டுப் பாத்தேன், இறுக்கமா இருந்துச்சு.

மறுநாள் அண்ணன் பொண்ணு வந்து நின்னுக்கிட்டு நான் எங்க நிக்குறதுன்னு கேக்குது. அந்த கேம் மூணு பேரு ஆடலாம், அதை நான் யோசிக்கவே இல்ல. நாலு நாளும் அது முறை வர்ற வரைக்கும் பக்கத்துல உக்காந்தே பாத்துச்சு. நேத்து மாடிப்படிக்குக் கீழ இருந்து அந்தப் பழைய பலகையை எடுத்துத் தூசி தட்டினேன். ரெண்டு அடி இருக்குது, ஒரு ஸ்டிக்கு, ரெண்டு பட்டன், ஒரு காயினுக்குத் தாராளம். திருப்பிப் போட்டு ப்ளேட்டை வச்சு பென்சில்ல கோடு போட்டாச்சு, உள்ள 14னு எழுதி வச்சிருக்கேன், பட்டறையில தகடு வெட்டச் சொல்லியிருக்கேன், திங்கக்கிழமை தர்றேன்னாங்க.